படிவம் ஏழு

சாலை. ரயில். நீர்வழி. குழாய்வழி.
நான்கு கட்டம்,
தலைமாட்டில் 'நீளம், கிலோமீட்டரில்'.
ஏப்ரலுக்குள் நிரப்பிக்கொண்டு வா என்று
உலான்பாதரில் தாளைக் கொடுத்தார்கள்;
கூடவே ஒரு பழைய ஜீப்,
அதை ஓட்டக் கொம்போ.

ரயில் சுலபமாக முடிந்தது.
இந்த மாகாணத்துக்கு அது வரவேயில்லை.
முரோன் பள்ளிக்கூடத்துச் சுவரில் மட்டும்
ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, நீலப் பெட்டிகள் ஏழு;
ஓட்டுநருக்கு முகம் எழுத மறந்திருக்கிறார்கள்.
சுழி போட்டேன்.

சாலைதான் படுத்தியது.
ரென்சின்லும்பே திசையில் தார் தீர்ந்த இடத்தில்
ஒன்று மூன்றானது, மூன்று ஒன்பதானது.
முன்னே போனவன் சேற்றில் சிக்கினால்
பின்னே வருபவன் ஒரு முழம் தள்ளிப் போகிறான்,
அவன் தோண்டிய பள்ளத்துக்குப் பயந்து அடுத்தவன்.
உழுதுவிட்டு எதுவும் விதைக்காமல் போனதுபோல்
அடிவானம் வரைக்கும் தடங்கள்.
"இது சாலையா, சாலைகளா?" என்றேன்.
ஒருமை பன்மை தெரியாமல் எப்படிக் கூட்டுவது?
"இறங்கி எண்ணிக்கொள்" என்று
சிகரெட் பற்றவைத்தான் கொம்போ.
பதினொன்று எண்ணித் திரும்பினேன்.
எதுவும் பிடிக்காமல்
பன்னிரண்டாவதைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஏரிக்கு வந்தபோது மார்ச் பாதி.
வரைபடத்தில் நீலம், காலடியில் வெள்ளை.
கொவ்ஸ்கோலின் முதுகில் இருபுறமும் மரக்கிளைகள் நட்டு
நடுவே லாரித் தடம்.
விடியலில் துளை போட்டு
அளவுகோலை இறக்கிப் பார்ப்பது
தெல்கெர்மாவின் வேலை.
அவள் தலையசைத்தால்தான் இன்ஜின் உறுமும்.
ஜூலையில் படகு, ஜனவரியில் லாரி;
அதே ஏரி, அதே தூரம்.
இரண்டு கட்டத்திலும் எழுதினேன்.

"குழாய்?" என்றாள், உப்புத் தேநீரை நீட்டி.
"இல்லை. சுழிதான்."
"கண் தெரியவில்லையா உனக்கு?"
அடுப்பிலிருந்து கூடாரத்தின் உச்சி துளைத்து
வானத்துக்குப் போகும் தகரக் குழாயைக் காட்டினாள்.
"மூன்று மீட்டர். காசு கொடுத்து வாங்கியது. எழுது."
சிரித்தோம். கொம்போ கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு அவளாகவே சொன்னாள்,
தம்பி ஷாக்தரின் டீசல் லாரி
ஓர் ஏப்ரலில்
முன்சக்கரம் முதலாக இறங்கியதை.
கதவைத் திறந்தே வைத்து ஓட்டும் பழக்கம்;
அவன் தப்பினான்.
இப்போது எர்தெனெத்தில், செம்புச் சுரங்கத்தில்.
மழை தேங்கிய குழியைக் கண்டாலும்
சுற்றிக்கொண்டு நடக்கிறானாம்.
லாரி இன்னும் கீழேதான்,
டாங்கி நிறைய, மூடி இறுக்கி.
"மேலேயிருந்து கீழே போன டீசல்.
அதற்குக் கட்டம் இருக்கிறதா?"
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் காலி.
கையிலிருந்த தேநீர் அந்த ஏரியின் தண்ணீர்.
குடித்தேன்.

இரவு ஏரி பேசியது.
எங்கோ ஒரு விரிசல் புறப்பட்டு
படுக்கைக்கு அடியில் போவதுபோல் போய்
மறுகரைப் பக்கம் ஓய்ந்தது.
எத்தனை கிலோமீட்டரோ, சில நொடிதான்.
"இறுகுகிறது, நல்லது"
என்று புரண்டு படுத்தாள் தெல்கெர்மா.
எனக்கு விடியும்வரை
இன்னொன்று வருமா என்றிருந்தது.

மே மாத நடுவில் மேலிடத்துக் கடிதம்:
ஒரே தூரம் சாலையிலும் நீர்வழியிலும் வருகிறது,
ஒன்றை நீக்கி விளக்கம் தருக.
போன் போட்டேன். சிக்னல் போய்ப் போய் வந்தது.
"பனி நிற்கிறதா?"
"கரையோரம் கறுத்துவிட்டது.
நேற்று நாய்கூட இறங்கவில்லை."
சாலையை அடித்தேன், பென்சிலால்.
குளிர் திரும்பும்போது ரப்பர் வேண்டும்.

குழாய்வழிக் கட்டத்தில்
0.003 என்று எழுதியிருந்தேன்.
அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.