பின்கதவின் அளவு

வில்லியம் ஏரம்பு கட்டியவை முப்பத்தொன்று.
நிற்பவை ஒன்பது.
இரண்டுக்குக் கூரை இல்லை. ஒன்றில் வங்கி.
ஒன்றில் லீசிங் கம்பனி, அதன் பின்விறாந்தையில்
அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்தபடி நான்.
மறுநுனி கிருபானந்தியிடம்.

தைப்பிங்கில் புகையிரதப் பகுதிக்குப் படம் கீறியவன்
ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழில்
காய்ச்சலோடு கப்பலேறி வந்தான்.
பெட்டியில் ஒரு மூலைமட்டம், மூன்று பென்சில்,
சம்பளப் பாக்கி கேட்டு எழுதிய மனுவின் பிரதி.
ஊர் அவனை ஓவசியர் என்றது.
அவன் திருத்தவில்லை.

முதல் வேலை ஊர்காவற்றுறையில்
ஒரு புகையிலைக் கிட்டங்கி.
வெறும் நிலத்தில் தடியை நட்டு
அதில் நூலைக் கட்டி
நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தானாம்,
சோளகம் எந்தப் பக்கம் இழுக்கிறதென்று.
கூலி கொடுத்த செட்டியார்
விசரன் என்று கணக்குப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்.
கிட்டங்கியில் புகையிலை பூஞ்சணம் பிடிக்கவில்லை.
அடுத்த கிட்டங்கியும் ஏரம்புவுக்கே.

பிறகு அச்சுவேலியில் சந்தை,
சுண்டிக்குளியில் பெண்பிள்ளைகள் விடுதி,
பருத்தித்துறையில் உப்புக்காற்றிடம் தோற்றுப்போன மண்டபம்.
சாவகச்சேரியில் ஒரு முகப்பு விழுந்தது.
ஆள் சேதமில்லை, ஒரு மாடு செத்தது.
மாட்டுக்கு இருபத்திரண்டு ரூபா கொடுத்தான்.
ரசீது இருக்கிறது.
அவன் முகம் எந்தப் படத்திலும் இல்லை.

இந்த வீடு ஒரு மணியகாரருக்குக் கட்டியது.
அவருடைய கடிதமும் கோவையில் இருக்கிறது:
"பின்பக்கத்தில் ஒரு வாசல் வேணும்.
அவையள் வந்துபோக.
குனிஞ்சு வரக்கூடியதாய் இருந்தால் போதும்."
அவையள் யாரென்று எழுதவில்லை.
எழுத வேண்டியிருக்கவில்லை.

ஏரம்பு மறுத்ததாகத் தெரியவில்லை.
சண்டை பிடித்திருந்தால்
முப்பத்தொன்று எங்கே, மூன்றுகூடக் கட்டியிருக்கமாட்டான்.
கேட்ட இடத்தில் வாசல் வைத்தான்.

முன்வாசல் ஆறடி ஒன்பது அங்குலம்.
பின்வாசலை அளந்தோம்.
நாடா சுருண்டுவிட்டதென்று திரும்பவும் அளந்தோம்.
ஆறடி ஒன்பது.
போன கிழமை அளந்த நாலு கட்டடத்தின் தாளையும்
காருக்குள்ளிருந்து எடுத்துவந்து பார்த்தேன்.
எல்லாம் அப்படியே.

"ஒரே அளவில் ரெண்டு நிலை செய்தால் மலிவு,"
என்கிறாள் கிருபானந்தி.
இருக்கலாம்.
தச்சனின் பட்டியலும் அதைத்தான் சொல்கிறது:
நிலை, வேம்பு, ஓரளவு, இரண்டு.
நாட்குறிப்பு எழுதுகிற ஆளில்லை ஏரம்பு.
முப்பத்தொன்றில் சீமெந்துக்காரர் வந்தார்கள்,
அவனுடைய சுண்ணாம்புக்கு ஆளில்லாமல் போனது,
கண்ணும் போனது.
கேட்க ஒருவருமில்லை.

பின்நிலையின் மேற்பகுதியில்
ஒன்றரை அடி இறங்கி, இரண்டு பக்கமும்,
பழைய ஆணித் துளைகள், நாலு.
குறுக்கே யாரோ பலகை அடித்திருக்கிறார்கள்.
அந்த வீட்டில் எவரோ அளந்திருக்கிறார்கள்,
எங்களுக்கு முன்னமே.

என் அப்பாவின் அப்பா இந்த வளவுக்கு வந்துபோனவர்.
பலகைக்கு முன்னமா பின்னமா, தெரியாது.
துளைக்குள் சின்னிவிரலை விட்டுப் பார்த்தேன்.
துரும்பும் எறும்பும்.

படிவத்தில் முன்வாசலுக்குக் கட்டம் உண்டு.
பின்வாசலுக்கு இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

மனேச்சர் வந்து எட்டிப் பார்த்தார்:
"தங்கச்சி, புது ஜெனரேற்றர் இதால போகுமோ,
உடைக்க வேணுமோ?"

போகும், என்றேன்.
தாராளமாய்ப் போகும்.