கோளாறு

விடிகாலை மூன்றே முக்கால்.
நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியதும்
தேனி ரோடு எங்கள் கைக்கு வந்தது.
நான் ஓட்டுகிறேன்.
பின்னால் ஒச்சம்மா,
மடியில் விசை உடைந்த லேப்டாப்பை வைத்துத்
துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.
சைலன்சரில் நான் துளையிட்டுச் சொருகிய சென்சாரிலிருந்து
ஒயர் ஒன்று அவள் முழங்காலைச் சுற்றி ஏறுகிறது.

ஹெல்மெட்டுக்குள் பேச்சு எடுபடாது.
முதுகில் ஒரு தட்டு: பெட்ரோல் கூடுதல்.
இரண்டு தட்டு: குறைவு.
உள்ளங்கையை அப்படியே வைத்தாளானால்
சரி, பிடித்த பிடியை விடாதே.

பத்து நாளாக உள்ளங்கை வரவேயில்லை.

பதினாறுக்குப் பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு கட்டம்.
எந்தச் சுற்றில், எவ்வளவு திருகினால்,
இன்ஜெக்டர் எத்தனை நேரம் வாய் திறக்க வேண்டும்
என்று கட்டத்துக்கொரு எண்.
இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே
ஏழெட்டுக் கட்டம் மட்டும்
எதைப் போட்டாலும் பத்தலை, பத்தலை என்றன.
சலித்துப்போய் ஒரு ராத்திரி
தானே கற்றுக்கொள் என்று பெட்டியிடமே விட்டுவிட்டேன்.
அது கற்றது.
ஐந்து சதவீதம் கூட்டியது. எட்டு. பன்னிரண்டு.
லிட்டருக்கு முப்பத்தெட்டு ஓடிய வண்டி
இருபத்தொன்பதில் வந்து நின்றது.
மாடிவீட்டு ஜெபமணி சார்
தன் ரசத்தில் பெட்ரோல் வாடை அடிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கும் செக்கானூரணி வரை
இரண்டு தட்டு, இரண்டு தட்டு.
கருமாத்தூர் டீக்கடையில் நிறுத்தி
சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றினேன்.
கன்னங்கரேல்.
ஒச்சம்மா விரலால் வழித்துப் பார்த்தாள்,
கண்ணுக்குத் தீட்டலாம் போல இருந்தது.
"பசிக்குதுங்கிறவன் வாயெல்லாம் சோத்துப் பருக்கை" என்றாள்.

அவள் வேலை, சந்தை சந்தையாகப் போய்
தராசுக்கு முத்திரை குத்துவது.
"எடை குறையுதுன்னா
அரிசியைக் கூட்டிக்கிட்டே போவியா,
தராசைத் திருப்பிப் பாப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பக்கத்துப் பஞ்சர் கடையைத் தவசி திறக்கும் வரை காத்திருந்தோம்.
சைலன்சர் வாயில் ஈரத்துணி சுற்றி
காற்றுக் குழாயைச் சொருகி மெல்லத் திறந்தார்.
கிளாஸ் கழுவும் சோப்புத்தண்ணியை வாங்கி
மூட்டு மூட்டாக ஊற்றிக்கொண்டே வந்தாள் ஒச்சம்மா.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
குழாய் இன்ஜினோடு சேரும் கழுத்தில்
கடுகு கடுகாக நுரை.

புகை வெளியேறும் ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில்
அந்த மயிரிழை வழியே ஊர்க்காற்று உள்ளே நுழைந்திருக்கிறது.
சென்சார் முகர்ந்தது அதைத்தான்.
முகர்ந்ததைச் சொன்னது.
சொன்னதைப் பெட்டி நம்பியது.
குழாயைக் கழற்றி மாட்டிய அன்று
நசுங்கிய பழைய காஸ்கெட்டையே திரும்பப் போட்டவன் நான்.
மிச்சம் பிடித்தது முப்பத்தைந்து ரூபாய்.

"யார் மாட்டுனது?" என்றார் தவசி.
ஒச்சம்மா டீயை ஊதிக் குடித்தாள்.
காசு வாங்காமல், "கோளாறாப் போங்க" என்று அனுப்பினார்.
எங்கள் பக்கம் அதற்குப் பத்திரம் என்று அர்த்தம்.
வெளியூர்க்காரன் கேட்டிருந்தால்
வண்டியை விட்டு இறங்கியிருப்பான்.

மறுநாள் புது காஸ்கெட்.
பெட்டி படித்ததையெல்லாம் அழித்து
முதல் நாள் அட்டவணையைத் திரும்ப ஏற்றினேன்.
ராத்திரி உசிலம்பட்டியைக் கடந்து கணவாய் நோக்கி.
வைக்கோல் லாரி ஒன்று எதிரே போய்
தூசி அடங்கும்போது, இரண்டாயிரத்து எண்ணூறில்,
முதுகில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.
அப்படியே இருந்தது.
இரண்டு மைல்கல் வரைக்கும் இருந்தது.

பிறகு ஏற்றத்தில் முறுக்கினேன்.
ஐயாயிரத்தில் டப், டப்.

இருக்கட்டும்.
இது நிஜமான குறைவு.
ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி,
லேப்டாப்பை என் பக்கம் வாங்கினேன்.