எஃப் பத்து

புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பின்னால்
மாடிப்படி முடிகிற இடத்தில் நொத்தாரிசு கந்தோர்.
விண்டோஸ் தொண்ணூற்றெட்டு,
அறுபத்துநாலு எம்பி நினைவகம்,
விசிறியில் பத்து வருடத் தூசி.

"தமிழ் உறுதி அடிக்கேக்கை இறுகிப் போகுது தம்பி"
என்றார் தவயோகநாதன்.
"சிங்களம் அடிச்சாலும் அப்பிடித்தான்" என்றாள்
தட்டெழுதும் ஷிராந்தி, தமிழில்.

இரண்டு விசைப்பலகை நிரல்கள்.
பெட்டி விழிக்கும்போதே இரண்டும் எழும்புகிறவை.
பிளேன்டீ கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான்:
"ரெண்டும் ஒத்துப்போகாதுதானே."
இந்த ஊரில் எவர் கைக்கும் எட்டுகிற உவமை.
எனக்கும் எட்டியது. பேசாமல் குடித்தேன்.

தமிழை நிறுத்தினேன். இறுகியது.
சிங்களத்தை நிறுத்தினேன். இறுகியது.
இரண்டையும் நிறுத்திவிட்டு
வெறும் ஆங்கிலத்தில் அடித்தாலும்
எஃப் பத்தில் விரல் பட்டதும்
மவுஸ் அம்பு மரக்கட்டை.

பிறகு தொடக்கப் பட்டியலில்
ஒவ்வொரு குறியாய் எடுத்து, மறுபடி ஏற்றி,
வழக்கு முடிந்த சனம்
குடையோடு இறங்கிப் போகும்வரை.

கடிகாரத்துக்குப் பக்கத்தில், நகக்கண் அளவில்,
ராகுகாலம் காட்டும் நாட்காட்டி.
ஏதோ சஞ்சிகையோடு வந்த இலவச சீடி.
அந்த விசையை அதுதான்
பிடித்து வைத்திருந்தது.

கழற்றினேன்.
ஷிராந்தி அடித்துப் பார்த்தாள்:
வடக்கு எல்லை, ஒழுங்கை. கிழக்கு எல்லை, மதில்.
அதையே சிங்களத்திலும்.
இறுகவில்லை.

காசை எண்ணி மேசையில் வைத்த நொத்தாரிசு
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்,
அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.
"நாலரை தாண்டட்டும் தம்பி.
இண்டைக்குச் செவ்வாய்."