நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

முர்மானின் சவப்பெட்டி லிஃப்டில் நுழையவில்லை.
நுழையாதென்று எனக்குத் தெரியும்.
திபிலிசியின் இந்த ஓரத்தில்
எட்டுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான்.
அளவுநாடா இல்லாமலே சொல்வேன்:
ஃப்ரிட்ஜ் நுழையும். தொட்டில் நுழையும்.
படுத்திருக்கும் மனிதன் நுழைய மாட்டான்.

ஆறு பேர் தூக்கினோம். ஒன்பது மாடி.
"தலைப்பக்கம் உயர்த்து, சுவர் இடிக்குது, மெல்ல"
சோபா இறக்குகிறவர்கள் பேசும் அதே பேச்சு.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்
படித்திருப்பத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினோம்.
முர்மான் காத்திருந்தார்.
என்றைக்குமே அவசரப்படாத ஆள்.

இரவு, ஒரு காலில் மட்டும் காலுறையோடு
தெக்லே கேட்டாள்:
"செத்தப்புறம் முர்மான் மாமா எங்கே போனார்?"

அடுப்படியிலிருந்து ஏத்தேரி என்னைப் பார்த்தாள்.
மண்ணைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே
என்று அந்தப் பார்வைக்குப் பொருள்.
மண்ணுக்குள், என்றேன்.
"அப்படின்னா கீழேயா?"
கீழே.
"பாதிரியார் மேலேன்னாரே?"
ஆமாம். மேலேயும்.

யோசித்தாள். ஆறு வயது யோசனை, மூக்கைத் தேய்த்துக்கொண்டு.
எங்கள் லிஃப்டில் இறங்கக் காசு வேண்டாம்,
ஏறத்தான் இருபது தெத்ரி போட வேண்டும்.
முர்மானின் கோட்டுப் பையில் எப்போதும் சில்லறை குலுங்கும்,
இவளுக்கும் சேர்த்து அவரே போடுவார்.
அந்தக் கோட்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது.
அவர் போனது புதுச் சூட்டில்.
"அந்தச் சூட்டுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்,
தைத்து மூடியிருந்தது, அப்பா."

சாமிக்குக் காசு வேண்டாம் என்றாள் ஏத்தேரி.
"சாமியைக் கேக்கலை. லிஃப்டைக் கேக்கிறேன்."

கூண்டு மேலே போகும்போதெல்லாம்
சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல்,
அதே கனத்தில் ஒரு இரும்பு கீழே இறங்குகிறது;
இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அழகாக இருந்தது.
அதனாலேயே விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாது, தெக்லே.

"உனக்கா?"
கட்டடமே நடுவில் சிக்கினால் என் பெயரைத்தான் கத்தும்.
அப்பேர்ப்பட்டவனை அவள் பார்த்த பார்வை!
பிறகு, இன்னும் சின்னக் குரலில்:
"உள்ளே இருட்டா இருக்குமா?"

இது தெரியும். இருட்டு எனக்குத் தெரியும்.
மின்சாரமே இல்லாத அந்தக் குளிர்காலங்களில்
ஒன்பது வயதில் ஒரு ராத்திரி முழுக்க
இதே லிஃப்டில், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்.
ஏறுகிறேனா இறங்குகிறேனா,
கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா,
ஒன்றும் தெரியாது.
கதவுக்கு அந்தப்பக்கம் படியில் முர்மான் உட்கார்ந்திருந்தார்.
கால்பந்து பேசினார். தன் மாமியாரின் கஞ்சத்தனம் பேசினார்.
பேச ஒன்றுமில்லாதபோது
படிகளை எண்ணினார், சத்தமாக.
நான் பதில் சொன்னேனா? நினைவில்லை.
தூங்கிவிட்டேன் என்றுதான் பின்னால் சொன்னார்கள்.

முழுக்கக் கேட்டாள்.
"இப்போ அவர் உள்ளே.
வெளியே யார் பேசறது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
யாரும் எழவில்லை.

நாற்பதாம் நாள் கல்லறைக்குப் போனோம்.
ரொட்டித்துண்டில் திராட்சை மது சொட்டி
"ஷெந்தோபா" என்றோம், மன்னிப்புக் கிடைக்கட்டும் என்று;
யார் யாரை மன்னிக்க வேண்டுமென்பதை
அந்தச் சொல் சொல்வதில்லை.
பெரியவர்கள் இரண்டாம் கோப்பைக்கு நகர்ந்தபோது
தெக்லே ஈரமண்ணில் கவிழ்ந்து படுத்தாள்,
நல்ல பாவாடையோடு.
வாயை மண்ணருகே வைத்து,
இந்தப்பக்கமிருந்து கதவு தட்டுகிறவள்போல் உரக்க:

பல் ஒன்று விழுந்ததைச் சொன்னாள்.
வகுப்பில் ஒரு பையன் ஆமை கொண்டுவந்ததைச் சொன்னாள்.
ஐந்தாம் மாடிப் பொத்தான் உடைந்து
மூன்று நாளாகிறது,
அப்பா இன்னும் சரிசெய்யவில்லை
என்று என்னைப் பற்றிப் புகார் சொன்னாள்.

உண்மைதான்.
பொத்தான் என் பையிலேயே இருக்கிறது.
நாளைக்குள் மாட்டிவிட வேண்டும்.