மூன்றாம் சோதனை அறை

கிராட்ஸ். ஜனவரி. வெளியே முழங்கால் பனி.
தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று
இருந்த இடத்திலேயே மலையேறிக்கொண்டிருக்கிறது.

ஊற்றும் பத்துச் சொட்டில்
நாலுதான் சக்கரத்துக்கு.
மிச்சமெல்லாம் புகைக்கும் தண்ணீருக்கும் தண்டம்.
இந்தக் கணக்கோடு
ஏழு வருடமாக மல்லுக்கட்டுகிறாள் ரோஸ்வித்தா.

அழுத்தத்தைக் கூட்டினால் மிச்சமாகும்.
கூட்டிக்கொண்டே போனால் உள்ளேயிருந்து தட்டும்:
சுடர் வந்து சேரும்வரை பொறுக்காமல்
மூலையில் தானே வெடிக்கும் பெட்ரோல்,
தகரத்தில் ஆணி அறைவதுபோல.
தட்டினால் திறக்கப்படும் என்பது தேவாலயத்தில்.
இங்கே தட்டினால்
உடனே மூடிவிட வேண்டும்.

இந்த வாரம் அவள் கை வைத்தது
பிஸ்டன் தலையில் ஒரு குழி. கரண்டி ஆழம்.
வரும் காற்று அதில் விழுந்து
புரண்டு எழ வேண்டும்.
பதினான்கு வரைபடம் குப்பைக்குப் போயிற்று.

இரண்டு மணி பத்து நிமிடம். திரையில்
நாற்பது புள்ளி ஒன்பது
நாற்பத்தொன்று புள்ளி இரண்டாகிறது.
அவள் நம்பவில்லை.
எரிபொருள் தராசைப் பூஜ்யமாக்கி
மறுபடி ஓட்டுகிறாள்.
அதே.

புகைப்போக்கியின் அடியில்
கையுறை காயவைக்கும் காவலாளி ஸ்லாவ்கோ
கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறான்:
"என்ன செய்தீர்கள்?
இன்றைக்கு இது காயவே மாட்டேனென்கிறது."

அவ்வளவு சின்ன வித்தியாசம்
கைக்குத் தெரியாதென்று அவளுக்குத் தெரியும்.
இருந்தும் குறிப்பேட்டில்
எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுகிறாள்:
கையுறை, ஒரு ஜோடி. ஈரம்.