கம்முனு

மூடியில் தலைமயிர் கனத்தில் ஒரு கீறல்.
அதனால்தான் கொடிசியா கண்காட்சியின் கடைசி நாளில்
பாதி விலைக்குக் கிடைத்தது இந்தப் பீங்கான் சட்டி.
"சோறாக்கவும் ஆகாது, குழம்பு வெக்கவும் ஆகாது,
எதுக்குங் இது?" என்றாள் சாந்தாமணி.
ஆர்டர் இல்லாமல் பவுண்டரி
வாரம் மூன்று நாள் என்று ஆனதிலிருந்து
வீட்டில் எனக்கும் அதே கேள்விதான்.

கோதுமை, மைதா, தண்ணீர், உப்பு,
பாட்டிலில் நான்கு நாள் புளிக்கவிட்ட கூழ்.
இட்லி மாவு மாதிரிதானே என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.
இல்லை. இட்லி மாவு சொன்ன பேச்சு கேட்கும்.
இது முழங்கை வரை ஏறி
தாழ்ப்பாள், செல்போன், மூக்குக்கண்ணாடி
எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடும்.

இருபத்திரண்டு வருடம் மோல்டிங்கில் நின்றவன் நான்.
மேல்பெட்டி, கீழ்பெட்டி, நடுவே மணல்.
மணலில் ஈரம் ஒரு பிடி கூடினால் போச்சு,
ஆவி இரும்புக்குள் புகுந்து குமிழாகும்.
குமிழ் விழுந்த பம்ப் உறை திரும்பி வரும்
சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறியோடு.

இங்கே மூடி போடுவதே ஆவி தப்பாமல் இருக்க.
குமிழ் விழுந்தால்தான் பாஸ்.
இதை நம்ப எனக்கு ஆறு ரொட்டி ஆயிற்று.
அதில் ஒன்றை மகன்
ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான்.

ஏழாவது, இன்று.
ஒன்பது மணிக்கு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தது.
காய்ந்து கிடந்த சட்டிக்குள் எட்டே காலுக்கு விட்டேன், கணக்குச் சரி.
எட்டு முப்பத்தாறுக்கே போனது கரண்ட்.
மலுமிச்சம்பட்டி சப்ஸ்டேஷனுக்கு என் ரொட்டி தெரியுமா என்ன.

கை மூடிக்குப் போயிற்று.
"கம்முனு இருங்" என்றாள் அவள்,
கொள்ளு களைந்துகொண்டே, திரும்பாமல்.
"சூடு உள்ளதானுங்க இருக்குது, எங்க போயிறப் போகுது?"

உலைக்காரனுக்குச் சூட்டைப் பற்றிச் சொல்கிறாள்.
வார்த்த பெட்டியை அவசரப்பட்டு உடைத்தால்
இரும்பு கோணிக்கொள்ளும் என்று
எத்தனை பையன்களை அதட்டியிருக்கிறேன்!
உட்கார்ந்தேன். கம்முனு.

காற்றாடி நின்ற வீடு.
பக்கத்து லேத்துப் பட்டறையும் ஓய்ந்துவிட்டது.
அடுப்பின் சாவிக் கடிகாரம் மட்டும்
கரண்ட் போனதே தெரியாமல் சுற்றி வந்து
டிங் என்றது, எதற்கென்று இல்லாமல்.
நான் எழவில்லை.
குக்கர் ஐந்து விசில் விட்டது. அதற்கும் எழவில்லை.

மூடியைத் தூக்கியபோது கண்ணாடியில் ஆவி,
ஒன்றும் தெரியாமல் மணம் மட்டும்.
துடைத்துப் பார்த்தால் அடி கருஞ்சிவப்பு,
தலை வெளுப்பு, காய்ச்சலில் எழுந்து வந்தவன் போல.
அவள் இடுக்கியில் பிடித்து
கேஸ் தீயில் தலையைக் காட்டினாள்,
கத்தரிக்காய் சுடுகிற மாதிரி, திருப்பித் திருப்பி.

அடியில் விரல்முட்டியால் தட்டினேன்.
வார்ப்பு என்றால் மணிபோல் கேட்க வேண்டும்,
ரொட்டி காலி டப்பா போல். கேட்டது.
பிறகு யாரும் தட்டாமலே
மேலோடு தானாக வெடிக்கத் தொடங்கியது, மெல்ல,
தகரத்தில் தூறல் யோசித்து யோசித்து விழுவதுபோல.

"ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்றேன்.
அதற்குள் அரிவாள்மணையில் உட்கார்ந்துவிட்டாள்.
குமிழ். பெரியது, சின்னது,
ஒன்று என் கட்டைவிரல் நுழையும் அளவு.
கொள்ளுப்பருப்பு அந்த ஓட்டைகளில் இறங்கிற்று.
"பரவால்லீங்" என்றாள்,
இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டியபடி.

சட்டியைக் கழுவும்போது பார்த்தேன்,
கீறல் அரை விரல் நீளம் கூடியிருந்தது.
சொல்லவில்லை.