பதினோராம் கேள்வி

கப்பலூர் சுங்கச்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ.
கழுத்தில் அட்டை: ச. ஒச்சம்மாள், களப் பணியாளர்.
பையில் டேப்லெட், ரெண்டு லிட்டர் தண்ணீர்,
முகாம் வாசலில் க்யூ பிராஞ்சுக்காரர்
இரண்டு தடவை படித்துத் திருப்பித் தந்த
அனுமதிக் கடிதத்தின் நகல்.
படிவத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
பதினெட்டு முடித்தால்
கேஸ் சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட ஆகிவிடும்.

ஒரு வீட்டைக் கேள், இரண்டை விடு,
நான்காவதைத் தட்டு. அதுதான் விதி.
இங்கே ஒரு கதவைத் தட்டினால்
ஐந்து வீட்டிலிருந்து "ஆர்?" என்கிறார்கள்.
சுவர் அவ்வளவு மெல்லிசு.

யோகராணி, ஐம்பத்தொன்று.
வந்த ஆண்டு எது என்றேன்.
மாதம், கிழமை, படகுக்காரனுக்குக் கழற்றிக் கொடுத்த
தோட்டின் எடை வரை சொன்னார்.
கட்டத்தில் நான்கு இலக்கத்துக்குத்தான் இடம்.

பிறகு பதினொன்று.
"தனி நாடு வேண்டுமா என்று உங்கள் தாயகத்தில்
நாளைக்கே ஒரு பொது வாக்கெடுப்பு வந்தால்
நீங்கள் எப்படி வாக்களிப்பீர்கள்?"
சென்னையில் யாரோ எழுதிய வாக்கியம்.
குரலில் ஏற்ற இறக்கம் கூடாது என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
பஸ் எண் சொல்வதுபோல் சொன்னேன்.

"ஓம்" என்றார்.

'ஆம்' மேல் விரல் போய்விட்டது.
"ஓம், ஓம்" என்றபடி எழுந்து
பொங்கிய பாலை இறக்கிவைத்துத் திரும்பி,
"ஓம் பிள்ளை, சொல்லுங்கோ, கேக்கிறன்."

எங்கள் உசிலம்பட்டியில் கதைக்கு 'ம்' கொட்டுவார்கள்.
அந்த ஓம்.

காலையிலிருந்து எட்டு வீடு.
எட்டு ஓம் பதிந்திருக்கிறேன்.
எது வாக்கு, எது வெறும் காது?

நிரோசன், இருபத்துநாலு.
புருவத்தில் வெள்ளை டிஸ்டெம்பர்.
"எந்த நாட்டுலக்கா?
நான் பொறந்தது நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரில.
ஓட்டே போட்டதில்ல.
பூத்து வைக்கிற ஸ்கூலுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கேன்.
பட்டன அமுக்குனா 'பீப்'னு நெடுக ஒரு சத்தம் வருமாமே?"
வரும் என்றேன்.
அவன் உள்ளே திரும்பி, வேறு வாயால்,
"அம்மா, இவவுக்குத் தேத்தண்ணி குடுங்கோ."

கடைசி வரிசையில் ஒருவர்,
கதவைப் பாதிதான் திறந்தார்.
"உதை ஆரிட்டக் குடுப்பியள்?"
வாடிக்கையாளர் பெயர் ரகசியம் என்றேன்.
"அப்ப என்ர பேரும் ரகசியம்" என்று சிரித்தார்.
வாசல் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகப்
பத்து விரல் ரேகையும் இருக்கிறது.

ஜெகந்நாத் சார் போனில்:
"கருத்து இல்லைங்கிறது பன்னெண்டு சதவீதம் தாண்டப்படாது.
கொஞ்சம் அமுக்கிக் கேளும்மா."

போன தேர்தலுக்கு முன்னால்
என்னையும் ஒருத்தி கேட்டாள், இதே மாதிரி டேப்லெட்டோடு.
பின்னால் மச்சான் நின்றுகொண்டிருந்தார்.
வாய்க்கு வந்த சின்னத்தைச் சொன்னேன்.
அவள் சிரத்தையாகக் குறித்துக்கொண்டாள்.
பிழை வரம்பு மூன்று சதவீதம் என்று
பேப்பரில் போட்டிருந்தார்கள்.
அதற்குள் நான் எங்கேயாவது இருந்திருப்பேன்.

பஸ் நிறுத்தத்தில் யோகராணியின் படிவத்தைத் திறந்தேன்.
பதினொன்று காலி. சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் மேலே போக விடாது.
பிற, குறிப்பிடவும் என்று ஒரு சின்னக் கட்டம்
அடியில் ஒளிந்திருந்தது.
ஓம் என்று தட்டினேன்.

அதன் கீழே நெளிநெளியாய் ஒரு சிவப்புக் கோடு.
எழுத்துப் பிழையோ? 'ஆம்' என்று மாற்றவா?

திருமங்கலம் வண்டி வந்து நின்றது.
பேட்டரி ஆறு சதவீதம்.
ஏறுறியாம்மா இல்லையா என்றார் கண்டக்டர்.
ம் என்றேன்.